வேருக்குக் கட்டம் இல்லை

ஒரு மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எங்கள் துறையில் ஒரே வழிதான் உண்டு. பேனாக்கத்தியால் பட்டையை நகம் அளவுக்குக் கீற வேண்டும். உள்ளே பச்சையாக இருந்தால் படிவத்தில் ‘உயிர்: உண்டு’ என்ற கட்டத்தில் டிக். பழுப்பாக இருந்தால் ‘இல்லை’. இருபத்தாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். அலுவலகத்தில் எனக்குக் ‘கீறல்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. டீ கொண்டு வருபவர் மட்டும் ஒருமுறை வாய்தவறி “கீறல் சார், டீ” என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் என் கண்ணில் படாமல் திரிந்தார்.

நகரம் வளர்கிறது. வளரட்டும், யார் வேண்டாம் என்றது. பேருந்துகளுக்கென்று தனிப் பாதை போட பிரதான சாலையை அகலப்படுத்த வேண்டும் என்றார்கள். அந்தச் சாலை ஓரத்தில் நாற்பத்திரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். ஒரு கட்சி ‘வெட்டாதே’ என்றது, இன்னொரு கட்சி ‘பஸ் வேண்டாமா’ என்றது. இரண்டுமே நியாயம்தான். கடைசியில் எங்கள் துணை இயக்குநர் மேடம் நடுவில் புகுந்து ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது, எல்லாவற்றையும் வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நட வேண்டும். ஒரு வருடம் கழித்து நூற்றுக்கு எண்பது மரம் உயிரோடு இருந்தால், சாலையின் அடுத்த பகுதியில் இருக்கும் நூற்று அறுபது மரங்களையும் அப்படியே இடம் மாற்றலாம். எண்பதுக்குக் கீழே போனால் ‘இந்த வித்தை பலிக்காது’ என்று முடிவு. அந்த நூற்று அறுபதுக்கும் ரம்பம்தான்.

மேடம் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒப்பந்தத்துக்காக அவர் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினார் என்று எனக்குத் தெரியும்.

மரத்தை இடம் மாற்றுவது என்றால் கேட்க நன்றாக இருக்கும். பார்க்க நன்றாக இருக்காது. சுற்றிக் குழி தோண்டி, பக்கவேர்களை அறுத்து, மிச்சமிருக்கும் வேரை மண்ணோடு சாக்குச் சுற்றிக் கட்டி, கிளைகளையெல்லாம் கழித்து, கிரேனில் தூக்கி லாரியில் படுக்கவைப்பார்கள். ஓர் ஆளை மொட்டையடித்து, காலை முழங்காலோடு எடுத்து, தெரியாத தெருவில் கொண்டுபோய் நிற்கவைத்து, ‘சௌக்கியமா?’ என்று கேட்பது போலத்தான். அப்படியும் பல மரங்கள் பிழைத்துக்கொள்ளும். அதுகளுக்கு நம்மைவிட ரோஷம் அதிகம்.

இதில் இருபத்தேழாம் எண் மரம்தான் என் கழுத்தைப் பிடித்தது.

அது நின்ற இடம் ஒரு பேருந்து நிறுத்தம். என் அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், பேருந்து ஓட்டுநர். முப்பது வருடம் அந்த மரத்தடியில்தான் வண்டியை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, கையைக் காலை நீட்டி உட்காருவார். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலதுகையும் வலதுகாலும் போய்விட்டன. பேச்சும் போனது. சிரிப்பு மட்டும் பாக்கி. அக்கா அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு திரிந்தாள்.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. அதற்குப் பிறகு எனக்குத் தலைவாரியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் அவள்தான். எதையும் என்னிடம் கேட்காதவள், மரங்களை மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று போன் செய்தாள்.

“தம்பி, அவரோட மரத்தை எங்க கொண்டுபோகப் போறீங்க?”

“ஏரிக்கரைக்குக்கா. அங்கதான் மண்ணு ஆழமா இருக்கு.”

“எங்க பில்டிங் முன்னாடி புதுசா பார்க் போடறாங்களே, அங்க வைக்க முடியாதா? அவர் தெனமும் பார்ப்பாரு. உன்னால முடிஞ்சா பாரு. முடியலேன்னா விட்டுடு.”

முடிந்தால் பார், முடியாவிட்டால் விட்டுவிடு என்று அக்கா சொன்னால் எனக்கு அது கட்டளை. எந்த மரம் எங்கே போகும் என்ற பட்டியலைத் தயாரிப்பவன் நான். இருபத்தேழுக்கு எதிரே இருந்த ‘ஏரிக்கரை’யை அடித்துவிட்டு அக்காவின் குடியிருப்புப் பூங்காவை எழுதினேன். ஒரு நிமிட வேலை.

அந்தப் பூங்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே புல், நடைபாதை, பெஞ்சு. கீழே கார் நிறுத்தும் தளம். அதாவது ஒரு கூரைமேல் மண் கொட்டிப் பூங்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். மண்ணின் ஆழம் மூன்று அடி. அவ்வளவு பெரிய மரத்துக்கு ஆறு அடியாவது வேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும். ‘பார்த்துக்கலாம்’ என்று நினைத்தேன். எங்கள் துறையில் கத்தியைவிட அதிகம் பயன்படும் கருவி இந்தப் ‘பார்த்துக்கலாம்’தான்.

மரம் வந்தது. மூன்று பக்கமும் இரும்புக் குழாய் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். நான் அக்காவிடம், “முதல் மூணு மாசம் நல்லா தண்ணி ஊத்தணும்க்கா” என்று சொன்னேன். காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி ஊற்றினாள். ஐம்பது நாளில் மொட்டைத் தண்டிலிருந்து துளிர் வந்தது. அக்கா எனக்குப் போட்டோ அனுப்பினாள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் காட்டுவதுபோல எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். மூன்று மாதம் முடிந்தது. ‘இனி நிறுத்து’ என்று சொல்ல எனக்கு ஞாபகம் வரவில்லை. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

பூங்கா திறப்பு விழாவின்போது போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று முட்டுக் குழாய்களை எடுத்துவிட்டார்கள். திரும்ப வைக்கவில்லை. மரத்தை ஒட்டி ஒரு சிமெண்ட் மேடை போட்டிருந்தார்கள். தினமும் காலை ஒன்பதரை மணிக்கு அக்கா அத்தானை அங்கே கொண்டுபோய் நிறுத்துவாள். அவர் இடதுகையைத் தண்டின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்துவிடுவார். “ரெண்டு தூங்குமூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் படற பாடு” என்று அக்கா ஊரெல்லாம் சொல்வாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் இரண்டு வருடமாகக் காணாத ஒரு களை இருக்கும். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாவது மாதம் கடைசி ஆய்வு. ஒவ்வொரு இடமாகப் போய்க் கீறினேன். எட்டு மரம் செத்துப்போயிருந்தது. நாற்பத்திரண்டில் எட்டு போனால் முப்பத்துநான்கு. எண்பது சதவீதத்துக்குத் தேவையானதும் முப்பத்துநான்குதான். ஒன்றுகூடக் குறையக் கூடாது. இருபத்தேழாம் எண்ணை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். அக்கா வீட்டில் டீ குடித்துவிட்டு வேலையை முடிக்கலாம் என்ற கணக்கு.

கீறினேன். நல்ல பச்சை. மேலே துளிரும் இருந்தது. அத்தான் நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். படிவத்தைத் தண்டின்மேல் வைத்து எழுதலாம் என்று சாய்ந்தேன். கால் அருகே மண் லேசாக எழும்பி அமர்ந்தது.

முதலில் பிரமை என்று நினைத்தேன். மறுபடி கையை ஊன்றித் தள்ளினேன். மறுபடி மண் மூச்சு விட்டது. பையிலிருந்து சிறு களைக்கொத்தை எடுத்துத் தண்டின் அடியில் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்திலேயே தண்ணீர் ஊறி நின்றது. கையை விட்டுத் துழாவியபோது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு வேர் கையோடு வந்தது. அதன் தோல் கழன்று விரலில் ஒட்டிக்கொண்டது. சாக்கடை நாற்றம். மண் சோதிக்கும் இரும்புக் கம்பியை இறக்கினேன். எதிலும் தடைபடாமல் வழுக்கிக்கொண்டே போய் சிமெண்டில் ‘டங்’ என்று முட்டியது. வடிகால் துளை எப்போதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. மரம் அழுகின குளத்தில் நின்றுகொண்டிருந்தது. தண்டில் சேர்த்து வைத்திருந்த சாரத்தை வைத்துக்கொண்டு மேலே துளிர்விட்டுக்கொண்டிருந்தது.

அக்கா டீயோடு வந்தாள். “என்னடா மூக்கைச் சுளிக்கிற?”

“ஒண்ணுமில்லக்கா, சேறு.”

“தண்ணி பத்தலையா?”

டம்ளரை மேடைமேல் வைத்தேன். “போதும்க்கா. இனிமே ஊத்தாதே.”

“ஏன்?”

“வேர் பிடிச்சுடுச்சு” என்றேன்.

நேரே அலுவலகத்துக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். அவர் மேசையில் அடுத்த பகுதியின் வரைபடம் விரித்திருந்தது. நூற்று அறுபது பச்சைப் புள்ளிகள். நான் பேசி முடிக்கும்வரை ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்.

“கீறினீங்களா?”

“கீறினேன் மேடம்.”

“பச்சையா இருந்துச்சா?”

“பச்சைதான். ஆனா வேர்...”

“சார், ஃபார்ம்ல வேருக்குக் கட்டம் இருக்கா?”

“இல்லை மேடம்.”

“நான் உங்களைப் பொய் எழுதச் சொல்லலை. பச்சைன்னா பச்சைன்னு எழுதுங்க. இந்த ஒரு மரத்துக்காக அந்த நூத்தி அறுபதையும் சாகக் கொடுக்கப் போறீங்களா? மூணு வாரத்துல அனுமதி வந்துடும். வந்த உடனே இதை வெட்ட நானே ஆர்டர் போடறேன்.”

“அதுவரைக்கும் கீழ ஆளுங்க உட்காருவாங்க மேடம்.”

“கயிறு கட்டி மறைச்சிடுங்க.”

“கயிறு கட்டினா ஏன்னு கேப்பாங்க. பில்டிங் செக்ரட்டரி போட்டோ எடுத்துப் பேப்பருக்கு அனுப்பிடுவாரு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “யாரும் கேட்காத மாதிரி நீங்களே பார்த்துக்கோங்க” என்றார்.

என் இடத்துக்கு வந்து ‘உயிர்: உண்டு’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் இந்த வேலையின் சாமர்த்தியம். மரம் உயிரோடுதான் இருந்தது. நிற்குமா என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவள் மரத்தடிக்கு அத்தானை மட்டுமா விடாமல் இருப்பாள்? ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்களே, அவள் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடியவளா? மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் மென்று முழுங்கி இப்படிச் சொன்னேன்:

“அக்கா, காத்து அடிச்சா அத்தானை அங்க உட்கார வைக்காதே.”

“காத்து வாங்கத்தானேடா அங்க உட்கார வைக்கிறேன்!” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்திலேயே அறையலாம் போல இருக்கிறது.

பதினேழு நாள் தினமும் வானிலை அறிக்கை பார்த்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். நூறு காரியம் செய்திருக்கலாம். ஒரு நாள் இரவோடு இரவாக மேடையை இடித்திருக்கலாம். அத்தானுக்கு வெயில் ஆகாது என்று ஏதாவது டாக்டரை விட்டுச் சொல்ல வைத்திருக்கலாம். காற்று இல்லை, மழை இல்லை, வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். வெயில் கடுமையாக அடித்தால் இலை வாடும், இலை வாடினால் அக்காவுக்குப் பொறுக்காது என்பது என் மரமண்டையில் உறைக்கவில்லை.

பதினேழாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் அனுமதி வந்தது. அலுவலகத்தில் கைதட்டினார்கள். நான் மேடத்தின் அறைக்குள் போய், “மேடம், இருபத்தேழு...” என்று இழுத்தேன். “திங்கட்கிழமை முதல் வேலை அதுதான் சார்” என்றார். சொன்னதைச் செய்பவர்தான். மரம் ஞாயிற்றுக்கிழமை விழுந்தது.

காலை பத்து மணி. இலைகூட அசையவில்லையாம். காவலாளி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். முறியவில்லை சார், சத்தமே இல்லை, அலுத்துப்போன ஆள் படுக்கிற மாதிரி படுத்துடுச்சு என்று என்னிடம் சொன்னார். அக்கா குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள். போனில் அவள் சொன்னது இரண்டே வார்த்தை: “தம்பி, மரம்.”

நான் போனபோது தீயணைப்பு வீரர்கள் தண்டை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வேர்ப்பக்கம் தட்டையாக, கறுப்பாக, ஒரு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. அடியில் சிமெண்ட் தரை தெரிந்தது. அத்தானின் இடதுகை மட்டும் வெளியே தெரிந்தது. ஓடிப்போக அவருக்குக் கால் இல்லை, கத்த வாய் இல்லை. அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அறுத்து எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் கையை விடவில்லை. முதல் பத்து நிமிடத்திலேயே எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணை நடந்தது. நடத்தியதும் எங்கள் துறைதான். மண்ணின் ஆழம் காரணம் என்று எழுதினால், ஏரிக்கரையை அடித்துவிட்டு இந்த இடத்தை எழுதியது யார் என்ற கேள்வி வரும். முட்டு காரணம் என்றால் விழாவுக்கு வந்தவர்களைத் தொட வேண்டும். வடிகால் என்றால் கட்டியவர்களைத் தொட வேண்டும். காவலாளியின் வாக்குமூலத்தில் ஒரு வரி இருந்தது: ‘அந்த அம்மா தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்.’ அறிக்கை அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. ‘குடியிருப்போர் அளவுக்கு மீறி நீர் ஊற்றியதால் மண் இளகி மரம் சாய்ந்தது.’ மேடம் அதைப் படித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். அழுது முடித்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே ஆய்வாளர் கையெழுத்து வேண்டும். போட்டேன். நூற்று அறுபது மரங்களுக்காகப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது என்பது மீதிப் பாதி.

அறிக்கையின் நகல் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானின் கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தாள். ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. பூங்காப் பக்கத்து ஜன்னல் அது. சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அவள் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். மடிப்புகள் நைந்திருந்தன. எத்தனை முறை படித்தாளோ.

“இதுல நீ கையெழுத்துப் போட்டிருக்க.”

“அக்கா...”

“வேற யாராவது போட்டிருந்தா நம்பியிருக்க மாட்டேன். சண்டைக்குப் போயிருப்பேன். நீ போட்டிருக்க. அப்ப சரியாத்தான் இருக்கும்.” குரல் உடையவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “நீ ஊத்தாதேன்னு சொன்னடா. நான்தான் கேட்கலை. இலை வாடிப்போச்சேன்னு மறுபடி ஊத்தினேன். என் கையாலேயே அவரைக் கொன்னுட்டேன்.”

நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். நினைத்துக்கொண்டு வந்தது எதுவும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

“அக்கா, நீ இல்ல. நான் அன்னிக்கே தோண்டிப் பார்த்தேன். வேர் மொத்தமும் அழுகியிருந்துச்சு. கையோட வந்துச்சு. எந்த நேரமும் விழும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உயிர் உண்டுன்னு எழுதினேன். தெரிஞ்சுதான் வேர் பிடிச்சுடுச்சுன்னு உன்கிட்ட சொன்னேன். அந்த இடத்துல வெச்சதே நான். இந்தக் காகிதம் பொய்க்கா.”

அக்கா என்னையே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பிறகு குனிந்து, காய்ச்சல் வந்த பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல என் நெற்றியில் கை வைத்தாள்.

“என்னைத் தேத்தறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்காதடா.”

“சத்தியமாக்கா. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சிருந்தா நீ அவரை அங்க உட்கார விட்டிருப்பியா?”

“விட்டேன்க்கா.”

“போடா,” என்றாள் அக்கா. “உனக்குப் பொய் சொல்லவே வராது.”